அடைப்பு எங்கே, செலவு அங்கே
– குறைந்த பட்ஜெட்டில் கேம் கம்ப்யூட்டருக்கு வலுவேற்றுவது பற்றி –

(முன்னாள் மாணவர் சங்கம் அமராவதி நகரில் நடத்திய ஆண்டுக் கூடலில், மாணவர்களுக்கான பிற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்த அமர்வில் வேலைவாய்ப்பு, மேற்படிப்பு, சுயதொழில் என்று பேசுவார்கள். இந்த ஆண்டு மாணவர்களிடமே தலைப்பைக் கேட்கலாம் என்று சங்கத்தார் முடிவு செய்தார்கள். வந்த சீட்டுகளில் ஏழெட்டு ஒரே கேள்வியைக் கேட்டிருந்தன. "அண்ணா, கையில பதினஞ்சாயிரம் இருக்கு. என் கம்ப்யூட்டர்ல எதை மாத்துனா கேம் நல்லா ஓடும்?" திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் இயந்திரப் பராமரிப்பைப் பார்க்கும் பொறியாளன் நான். அதனால் இந்தச் சீட்டுகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

"விளையாட்டுச் சமாச்சாரத்துக்கு ஒரு மேடையா?" என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். கோடை விடுமுறையில் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் பார்த்துச் சேர்த்த சம்பளமாக இருக்கும். இல்லையென்றால் வீட்டில் அம்மா ஓவர்டைம் நின்று தைத்த காசாக இருக்கும். அந்தக் காசு தவறான பொருளில் போய் விழுந்தால் இன்னொரு முறை சேர்க்க ஒரு வருஷம் ஆகும். அதோடு, அதே கம்ப்யூட்டரில்தான் அந்தப் பிள்ளை ப்ராஜெக்ட் செய்கிறது, டிசைன் மென்பொருள் பழகுகிறது, வேலைக்கு விண்ணப்பம் போடுகிறது. ஆகவே இதை ஒரு பொறியியல் கணக்காகவே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

1. லைன் எங்கே நிற்கிறது?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருவது சுலபம். நூல் வருகிறது, நிட்டிங் ஆகிறது, சாயத்துக்குப் போகிறது, காம்பாக்டிங் ஆகி வருகிறது, கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெதுவாக நகர்கிறதோ அதுதான் மொத்தக் கம்பெனியின் வேகம்.

2011 ஜனவரியில் நடந்ததை இங்கே இருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில், திருப்பூர் வட்டாரத்துச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. நிட்டிங் மெஷின் அப்படியே இருந்தது, பவர் டேபிள் இருந்தது, டெய்லர் இருந்தார், ஆர்டரும் இருந்தது. சாயம் போட வழியில்லாமல் துணி தேங்கியது. துணியை வெளியூர்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். அந்த மாதத்தில் ஒருவர் பத்து நிட்டிங் மெஷின் புதிதாக வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பனியன் கூட அதிகம் வந்திருக்காது. தேங்கிய துணிதான் அதிகமாகியிருக்கும்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். திரையில் ஓடும் கேம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்கள். அதைத்தான் பிரேம் என்கிறோம். ஒவ்வொரு பிரேமுக்கும் முதலில் பிராசஸர் வேலை செய்கிறது: யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போகிறது, எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறது. அது கட்டிங் மாஸ்டர். அந்தக் கணக்கை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. அது பவர் டேபிள். வெட்டிய பீஸ்களைக் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கி வைக்கும் மேஜை ரேம். ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி என்பது குடோன். மானிட்டர், சரக்கை வெளியே அனுப்பும் வாசல். இவ்வளவுக்கும் கரண்ட் தருவது எஸ்எம்பிஎஸ்.

ஒரு வினாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. கட்டிங் மாஸ்டர் 10 மில்லி வினாடியில் முடித்துவிடுகிறார், பவர் டேபிள் 25 எடுக்கிறது என்றால் உங்களுக்கு வருவது 40 பிரேம்தான். கட்டிங் மாஸ்டரை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. அடைப்பு எங்கே என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள் என்பதுதான் என் பேச்சின் சாரம். மீதியெல்லாம் விளக்கம்.

2. அடைப்பைக் கண்டுபிடிப்பது

இதற்குக் காசு வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். நீங்கள் அதிகமாக ஆடும் கேமைத் திறந்து, எப்போதும் திணறும் இடத்துக்குப் போங்கள். விண்டோசிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் ஓடவிட்டால் பிராசஸர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் எல்லாம் எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று தெரியும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள், திரையின் மூலையிலேயே எண்களைக் காட்டும். எந்தக் கம்பெனி கார்டானாலும் அது வேலை செய்யும்.

கிராபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதத்தில் நின்றால் அடைப்பு அங்கேதான். கார்டு 60 சதவீதத்தில் சும்மா நிற்கிறது, பிரேமும் ஏறவில்லை என்றால் பிராசஸரைச் சந்தேகப்படுங்கள். மொத்தப் பிராசஸர் 40 சதவீதம்தான் என்று காட்டினாலும் ஏமாற வேண்டாம். ஆறு கோர்களில் ஒன்று மட்டும் முழுமூச்சில் ஓடி, மற்றவை அதற்காகக் காத்திருக்கலாம். ரேம் நிரம்பி வழிந்து, டிஸ்க் நூறு சதவீதத்தில் துடித்தால் மேஜை பற்றவில்லை, ஆள் அடிக்கடி குடோனுக்கு ஓடுகிறார் என்று பொருள்.

இதை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. கேமின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். 1920 பெருக்கல் 1080 என்பது ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1280 பெருக்கல் 720 என்பது 9.2 லட்சம். கிராபிக்ஸ் கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அப்போது பிரேம் எகிறினால் அடைப்பு கார்டில். பிரேம் அசையாமல் அங்கேயே நின்றால் அடைப்பு பிராசஸர் பக்கம். இந்த இரண்டாவது எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய பிராசஸர் தரக்கூடிய உச்சம் ஏறக்குறைய அதுதான். எத்தனை விலையுள்ள கார்டு போட்டாலும் அதைத் தாண்டாது. பின்னால் கணக்குக்கு இந்த எண் வேண்டும்.

3. செலவில்லாமல் செய்யக்கூடியவை

பர்சைத் திறப்பதற்கு முன் கேபினட்டைத் திறங்கள். நம் ஊரில் இது மிக முக்கியம். பவர் டேபிள் ஓடும் வீட்டில், கம்பெனிக்குப் பக்கத்துச் சந்தில், காற்றிலேயே பஞ்சு பறக்கிறது. அது பிராசஸர் பேனிலும் கார்டின் அலுமினியத் தகடுகளிலும் படிந்து மெத்தை மாதிரி ஆகிவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் 95, 100 டிகிரி தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பிள்ளைகள் "பிராசஸர் பழசாயிருச்சு" என்று நினைப்பார்கள். பஞ்சை எடுத்துவிட்டுப் புது தெர்மல் பேஸ்ட் தடவினால் பழைய வேகம் திரும்ப வரும். பேஸ்ட் விலை சில நூறு ரூபாய்தான். சுத்தம் செய்யும்போது பேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போகும். கம்பெனி கம்ப்ரசர் குழாயை நேராக வைத்து அடிக்காதீர்கள். அந்தக் காற்றில் ஈரம் உண்டு, அழுத்தமும் அதிகம்.

அடுத்தது கேபிள். மானிட்டர் வயர் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீங்க, நான் பார்த்த கம்ப்யூட்டர்களில் இது ஒன்றிரண்டு இல்லை. கார்டு வாங்கி மாட்டி, வயரை மட்டும் பழைய இடத்திலேயே விட்டிருப்பார்கள். அதேபோல் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸ் அமைப்பில் 60-லேயே விட்டிருப்பார்கள்.

மூன்றாவது ரேம் வேகம். 3200 என்று எழுதிய ரேம் வாங்கியிருப்பீர்கள். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் பல போர்டுகளில் அது 2133 அல்லது 2400-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நான்காவது, கேமுக்குள்ளேயே இருக்கும் வசதி. ஏஎம்டி 2021-இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் முறை, படத்தைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறது. என்விடியாவின் பழைய கார்டுகளிலும் அது வேலை செய்யும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் முறைக்கு ஆர்டிஎக்ஸ் வரிசைக் கார்டு வேண்டும். படத்தின் நேர்த்தி கொஞ்சம் குறையும், பிரேம் கூடும். நிழலின் தரத்தை உச்சத்திலிருந்து நடுத்தரத்துக்கு இறக்கினாலே பல கேம்களில் நல்ல வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் காசு எடுக்க வேண்டும்.

4. ஒரு பிரேமுக்கு எத்தனை ரூபாய்?

இனிக் கணக்குக்கு வருவோம். விலையை நான் அச்சில் போட்டால் இந்த மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிப்போகும். ஆகவே முறையை மட்டும் சொல்கிறேன். எண்கள் கணக்குக்காக நானே எடுத்துக்கொண்டவை.

இப்போது உங்களுக்கு 40 பிரேம் வருகிறது. அ என்ற கார்டு 12,000 ரூபாய், 70 பிரேம் தரும். ஆ என்ற கார்டு 20,000 ரூபாய், 95 பிரேம் தரும். அ-வில் கூடுவது 30 பிரேம், ஒன்றுக்கு 400 ரூபாய். ஆ-வில் கூடுவது 55, ஒன்றுக்கு 364 ரூபாய். கடைக்காரர் சொல்வார், "ஆ தானுங்க லாபம், கொஞ்சம் சேத்திப் போடுங்க" என்று. அவர் சொல்வது அந்த அளவில் சரிதான்.

ஆனால் உங்கள் தாளில் எழுதி வைத்த எண் 75. அதாவது பிராசஸரின் உச்சம் 75. அப்படியானால் ஆ கார்டு உங்கள் வீட்டில் 95 தராது, 75-தான். கூடுவது 35, ஒன்றுக்கு 571 ரூபாய். ஆ-வுக்கு இப்போதிருக்கும் எஸ்எம்பிஎஸ் தாங்காது, புதிதாக 4,000 ரூபாய் ஆகும் என்றால் மொத்தம் 24,000. ஒரு பிரேமுக்கு 686 ரூபாய். மானிட்டர் வெறும் 60 ஹெர்ட்ஸ் என்றால் கண்ணுக்குத் தெரிவது இரண்டிலும் 60 பிரேம்தான். அ-வில் ஒரு பிரேமுக்கு 600, ஆ-வில் 1,200. எதில் லாபம் என்று ஆரம்பித்தது எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்!

ஆகவே கார்டின் விலையோடு, அதை மாட்ட ஆகும் மற்றச் செலவைக் கூட்டுங்கள். பழைய கார்டை விற்றால் வரும் தொகையைக் கழியுங்கள். உங்கள் பிராசஸரும் மானிட்டரும் விடும் பிரேம்களை மட்டும் கணக்கில் எடுங்கள். நம் அமராவதி அணையின் முழு மட்டம் 90 அடி. அணை நிரம்பி நின்றாலும் வயலுக்கு வருவது மதகு திறந்த அளவும் வாய்க்கால் கொள்ளும் அளவும்தானே?

இன்னொன்று: அணைக்கட்டில் சராசரி நீர்மட்டம் பார்ப்பது போல் கேமிலும் சராசரி பிரேமை மட்டும் பார்க்காதீர்கள். சராசரி 70 இருக்கும், சண்டை நடக்கும் நேரத்தில் 20-க்கு இறங்கும். உங்களைத் தோற்கடிப்பது அந்த 20-தான். பெரும்பாலும் ரேம் பற்றாக்குறையும் பிராசஸர் திணறலும் இப்படித்தான் வெளிப்படும்.

5. உதிரிகளும் பொறிகளும்

கிராபிக்ஸ் கார்டில் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இரண்டு சரக்கு உண்டு. 2017-இல் வந்த அசல் கார்டில் 2304 கோர்கள். பின்னால் வந்த இன்னொன்றில் 2048-தான். ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபிக்கும் 3 ஜிபிக்கும் நினைவக அளவு மட்டும் வேறு என்று நினைப்பார்கள், கோர்களும் 1280-லிருந்து 1152-ஆகக் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி வேறு, 8 ஜிபி வேறு. 8 ஜிபி கார்டின் நினைவகப் பாதை குறுகியது, வேகமும் குறைவு.

2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கு லேன் மட்டுமே வைத்திருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் அது சமாளிக்கும். 3.0 போர்டில் பாதை பாதியாகிவிடும், அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பும்போது திக்கும். பழைய போர்டு வைத்திருப்பவர்தான் மலிவுக் கார்டு தேடுவார், அவருக்குத்தான் அது பொருந்தாது. ரைசன் 5 5600ஜி பிராசஸரும் 3.0-தான் தரும், அந்த ஜோடியையும் தவிர்க்கவும்.

பழைய கார்டுக்கு டிரைவர் வருகிறதா என்றும் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் சில ஆண்டுகளுக்கு வரும். உங்கள் பழைய கேம் ஓடும், நாளைக்கு வரப்போகும் கேமுக்கு உத்தரவாதம் இல்லை.

பிராசஸரில் சாக்கெட்டைக் கவனியுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 2017-இல் முதல் ரைசன் வாங்கியவர்கூட, போர்டுக்குரிய பயாஸை ஏற்றிவிட்டு 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ மாட்டலாம். பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை ஏற்ற வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போகும். இன்டெல்லில் 6, 7-ஆம் தலைமுறைக்கும் 8, 9-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயரும் அளவும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் போர்டில் மற்றொன்று ஓடாது.

ரேமில் ஒரு 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சி மேல். டிடிஆர்4 3200 ஒரு குச்சி வினாடிக்கு 25.6 ஜிபி அனுப்பும், இரண்டு சேர்ந்தால் 51.2. தனிக் கார்டு இல்லாமல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு இதைவிட மலிவான வலுவேற்றம் இல்லை. ஒரு எச்சரிக்கை. 2025-இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை உலகம் முழுவதும் வேகமாக ஏறியது. ஆகவே "ரேம் தானே, மலிவு" என்ற பழைய பாடம் எப்போதும் பொருந்தாது. பயன்படுத்திய நல்ல ரேம் வாங்கத் தயங்க வேண்டாம். அது பெரும்பாலும் கெடாத பொருள்.

எஸ்எஸ்டி போட்டால் கேம் திறக்கும் நேரம் குறையும், ஊர் ஊராகப் போகும் பெரிய கேம்களில் திக்குவது குறையும். சராசரி பிரேம் ஏறாது. சுழலும் டிஸ்க் வினாடிக்கு 150 எம்பி தருவதே பெரிசு, சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500-க்கு மேல் தருகிறது. இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலேயே விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். படிப்புக்கும் உதவும், அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூடவே வரும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை நம்பாமல் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். கார்டும் பிராசஸரும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஒரே லைனில் மோட்டார்கள் ஓடும் நம் ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்குவது தெரிந்ததே. தரமில்லாத எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் போகாது, போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய கேபிளை இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும்.

6. பழைய பொருள் வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவுக்கோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ, கோவைக் கடைகளுக்கோ போவீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை நாள் முழுக்க அந்த நாணயத்துக்காக ஓடிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. அவை உலகம் முழுக்கப் பழைய சரக்காகச் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். இரவு பகலாக ஓடிய நிட்டிங் மெஷினை நாம் வாங்குவதில்லையா? ஆனால் ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்! அதையே இங்கும் செய்யுங்கள்.

கடையிலேயே மாட்டி அரை மணி நேரம் சோதனை மென்பொருள் ஓட்டச் சொல்லுங்கள். பேன் சத்தம், வெப்பம், திரையில் கோடு, புள்ளி, கலர் மாற்றம் எல்லாம் கவனியுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள், பெட்டிக்குள் இருப்பது சொன்ன கார்டுதானா என்று காட்டிவிடும். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவானாலும் சரி. பில்லும் மீதி வாரண்டியும் இருக்கும் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

7. மூன்று சீட்டுகளுக்குப் பதில்

வந்த சீட்டுகளில் மூன்றுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

முதல் தம்பிக்கு, ஏற்றுமதி ஆபீஸில் கழித்த டெஸ்க்டாப். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, ஹார்ட் டிஸ்க். தம்பி, இந்தப் பெட்டியில் பதினைந்தாயிரத்தையும் கொட்டாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ உங்கள் பிராசஸர் முறைப்படி ஏற்காது. ஆபீஸ் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் வேறு வடிவம், மாற்றுவதும் கஷ்டம். எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். தனியாகப் பவர் வயர் தேவைப்படாத, பெட்டிக்குள் அடங்கும் பழைய ஜிடிஎக்ஸ் 1650 நல்ல விலைக்குக் கிடைத்தால் அதையும் வாங்குங்கள். இரண்டும் அடுத்த பெட்டிக்கு உங்களோடு வரும். டிடிஆர்3 ரேமுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம், அது வராது. மீதியைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தம்பிக்கு ரைசன் 5 2600, ஜிடிஎக்ஸ் 1050டிஐ, 16 ஜிபி. உங்கள் சோதனையில் கார்டு 99 சதவீதம் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலையை முடித்துவிட்டீர்கள், பாராட்டுகள். கார்டுதான் உங்கள் செலவு. 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட்தான் எடுக்கும். நல்ல கம்பெனி 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். பயன்படுத்தியது கிடைத்தால் உங்கள் கணக்குக்குள் வரும். பிராசஸரை அடுத்த வருஷம் அதே போர்டில் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது சீட்டு ஒரு தங்கையுடையது. 5600ஜி, ஒரே 8 ஜிபி குச்சி, தனிக் கார்டு இல்லை, ஃபேஷன் டிசைன் வேலையும் அதில்தான். உங்களுக்கு இன்னொரு 8 ஜிபி குச்சி போதும்மா. அதே வேகம், முடிந்தால் அதே மாடல். அதைப் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குமேல் கார்டு தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூவருக்கும் பொதுவாக ஒன்று. கையிலிருக்கும் காசுக்குள் வாங்குங்கள். மாதத் தவணையில் கிராபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள். கார்டின் விலை இறங்கும், தவணை இறங்காது. வாங்கிய பின் உங்கள் விளையாட்டு சந்தோஷமாக இருக்க வேண்டும், ஒன்றாம் தேதியை நினைத்துப் பயப்படக் கூடாது.

8. சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக, இந்த மண்டபத்தில் இருக்கும் தொழிலதிபர்களுக்கும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

மாணவர்கள் ஏமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பொருளை மாட்டிச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மேசை போதும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று, நன்றாக ஓடும் போர்டு ஒன்று, மானிட்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு, முன்னாள் மாணவர் ஒருவர் வந்து உட்காரட்டும். வாங்கப்போகும் பழைய கார்டைப் பிள்ளைகள் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கட்டும். வாங்குவதற்கு முன்பே, வீட்டில் இருக்கும் பெட்டியில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கட்டும். அந்த மேசையில் பழகும் பிள்ளைக்கு நாளை கம்பெனியில் ஒரு லைன் ஏன் நிற்கிறது என்று பார்க்கவும் கண் வந்துவிடும். பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் தேடுவது அந்தக் கண்ணைத்தான்.

உங்கள் ஆபீஸ்களில் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை, டிஸ்கில் உள்ள கணக்குவழக்குகளை முழுவதுமாக அழித்துவிட்டு, அந்த மேசைக்கு அனுப்பிவையுங்கள். காயலான் கடையில் கிடைக்கும் சில நூறு ரூபாயைவிட அது இங்கே அதிகம் பேசும். முதல் எஸ்எம்பிஎஸ்ஸும் மல்டிமீட்டரும் என் பொறுப்பு. முதல் மூன்று ஞாயிறுகளுக்கு நானே வருகிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிடலாம்.